கிதாரும் அதன் பரிவாரமும்

ஆவணி மாதத்தில் வெள்ளக்கடைக்கு வந்து தங்கியவர்களுக்குத் தெரியும், மேகம் என்பது ஆகாயத்தில் மட்டும் இருக்கும் வஸ்து அல்ல என்று. அது வாசற்படி ஏறி வரும், கூடத்தில் உலாவும், கொடியில் போட்ட துணியை மூன்று நாள் ஈரமாகவே வைத்திருக்கும், ஜாடியிலுள்ள உப்பைத் தண்ணீராக்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வெறும் குச்சி கையில் நிற்கும். சேர்வராயன் மலையில் குடியிருப்பவர்கள் இவற்றையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த மேகம் ஒரு வாத்தியத்துக்குள் புகுந்துகொண்டால் என்னவாகும் என்பதைச் சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை நான் கண்ணாரக் கண்டேன்.

அன்று என் வகுப்பு மாணவன் ஒருவன், நனைந்த பையொன்றைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பத்தாம் வகுப்பில் படிப்பவன். தாயும் தந்தையும் காப்பித் தோட்டத்தில் தினக்கூலி. பைக்குள் கிதார் இருந்தது.

"டீச்சர், இதை யாராவது வாங்குவாங்களா?" என்று கேட்டான்.

"ஏன், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே?"

"எனக்கு வரலைங்க டீச்சர். மொதல்ல நல்லாத்தான் வந்துச்சு. இப்போ எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே வரமாட்டேங்குது. கை காச்சுப் போச்சு. எனக்கு ஞானம் இல்லை போல. பூஜை லீவுக்கு அக்கா வர்றதுக்குள்ள வித்து, அந்தப் பணத்தைக் குடுத்திடலாம்னு..."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவனுடைய அக்கா, தீபாவளி போனஸ் பணம் முழுவதையும் போட்டு வாங்கிக் கொடுத்த வாத்தியம் அது. தனக்கு ஒரு புடவைகூட எடுத்துக்கொள்ளவில்லையாம். ஆகவே அவன் விற்க வந்தது கிதாரை மட்டுமன்று என்பது எனக்கு விளங்கிற்று.

பையைத் திறக்கச் சொன்னேன். கிதாருக்கு முன்னால் அதன் பரிவாரம் வெளியே வந்தது. தோளில் மாட்டும் பளபளப்பான வார். கேப்போ என்னும் கவ்வி. பன்னிரண்டு நிறங்களில் மீட்டு வில்லைகள். அவற்றை வைக்க ஒரு சிமிழ். விரல் நுனிகளுக்கு ரப்பர் தொப்பிகள். கம்பிமேல் வழுக்கி வாசிக்க ஓர் உலோகக் குழாய். மெட்டுகளுக்கு நடுவே ஒட்டும் ஸ்வர எழுத்துக்கள். சுவரில் மாட்டும் விளக்கப் படம். மெருகு எண்ணெய்ப் புட்டி ஒன்று. கடைசியாகக் கிதார் வடிவத்தில் ஒரு சாவி வளையம். எண்ணிப் பார்த்தேன், தசாவதாரம் போல் சரியாகப் பத்து! "எல்லாம் சேர்த்து வாங்கினால் சல்லிசு" என்று கடையில் சொல்லி அக்காவின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பத்துப் பொருள்கள் இருந்தும், வாத்தியத்தைக் காப்பாற்றக்கூடிய பொருள் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இது அந்த ஒரு பையனின் கதை மட்டுமன்று. நம் வீடுகளில் இப்போது பல குழந்தைகள் கிதார் வேண்டுமென்று கேட்கின்றன. பெற்றோரும் வாங்கித் தருகிறார்கள். ஆறு மாதம் கழித்து அது அலமாரியின் மேல் போய்ப் படுத்துக்கொள்கிறது. "பிள்ளைக்குச் சிரத்தை இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியது பல சமயங்களில் பிள்ளையல்ல, பராமரிப்பில்லாத வாத்தியந்தான் என்பதே நான் இந்த வாரம் சொல்ல விரும்பும் விஷயம்.

முதலில் நோயைப் பார்ப்போம். சங்கீத வீடுகளில் பழகிய வீணையின் பெயர்களையே கிதாருக்கும் வைத்துச் சொல்கிறேன்: கம்பியைத் தாங்குவது குதிரை, விரல் வைக்கும் இடத்தில் குறுக்கே பதித்தவை மெட்டுகள், நீண்ட கழுத்து தண்டி, முறுக்கிச் சுருதி சேர்ப்பது பிருடை.

என் மேஜையிலிருந்த பள்ளிக்கூட அளவுகோலை எடுத்து, பன்னிரண்டாவது மெட்டுக்கும் அதற்கு மேலே செல்லும் தடித்த கம்பிக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தேன். எஃகுக் கம்பி பூட்டிய கிதாருக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்குச் சுகம். இந்தக் கிதாரில் முழுசாக ஐந்து மில்லிமீட்டர் இருந்தது! தேர்ந்த வித்வானுக்கே அது தண்டனை. பதினைந்து வயதுப் பையனின் விரல் என்ன செய்யும்? கம்பிகளோ துருப்பிடித்துச் சொரசொரவென்றிருந்தன. ஞானத்தின்மேல் பழி போட்டுக்கொண்டு வந்தவனிடம் அளவுகோலைக் காட்டினேன். அவன் அதை நம்பாமல் தானே ஒரு முறை அளந்து பார்த்தான்.

இடைவெளி ஏன் உயர்ந்தது? மரம் வெட்டப்பட்ட பிறகும் தாகத்தை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதை உறிஞ்சி உப்புகிறது. ஈரம் குறைந்தால் வற்றிச் சுருங்குகிறது. கிதாரின் மேற்பலகை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமில்லாத மெல்லிய தகடு. அதன்மேல் ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஈரத்தில் அந்தப் பலகை உப்பிக் குதிரையைத் தூக்கிவிடுகிறது. குதிரை உயர்ந்தால் கம்பியும் உயர்கிறது.

இந்த மலைவாசிகளுக்கு இதை விளக்க வேறு உபமானம் தேவையில்லை. பழத்தோல் நீக்கி உலர்த்தும் காப்பிக் கொட்டையில் ஈரம் நூற்றுக்குப் பத்து அளவுக்கு வற்றும்வரை களத்தில் காயவைத்து, பல்லால் கடித்துப் பார்த்து மூட்டை கட்டுகிறார்கள். அந்த மூட்டையை மூடுபனியில் நாலு நாள் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று பையனின் தந்தையைக் கேட்டால், நான் சொல்வதைவிட நன்றாய்ச் சொல்லுவார். கிதாரும் ஒரு காப்பி மூட்டைதான் என்று சொன்னதும் பையனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதிப் பாதியை அவனே சொன்னான். ஈரம் ஏறிவிட்டதென்று அண்டை வீட்டுக்காரர் ஒருவர் யோசனை கூற, கிதாரைப் பத்து நாள் சமையலறை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்களாம்! நல்லெண்ணத்தில் செய்த காரியந்தான்; ஆனால் விபரீதமானது. கிதாரின் பாகங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பசை. சாதாரணமாய் உபயோகிக்கும் பசைகள் 60, 65 டிகிரி உஷ்ணத்தில் இளகத் தொடங்கிவிடும். அடுப்பங்கரை மட்டுமல்ல, சித்திரை வெயிலில் சேலத்துத் தெருவில் ஜன்னல்களை மூடி நிறுத்திய மோட்டார் காரின் உட்புறமும் அந்த உஷ்ணத்தைத் தொடக்கூடும். கடைவீதிக்குப் போகும்போது கிதாரைக் காரில் விட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இனி, வாங்கவேண்டியவற்றுக்கு வருவோம். எந்தக் கடைக்காரரும் முதலில் எடுத்துக் காட்டாத ஐந்து பொருள்களை நான் முதலில் வைக்கிறேன்.

முதலாவது, நல்ல உறை. அதற்குள் வைக்க ஈரமானியும் ஈர உறிஞ்சியும். பஞ்சு வைத்துத் தைத்த கனமான பையோ, கெட்டிப் பெட்டியோ எதுவானாலும் சரி. மழைக்காலத்தில் வாத்தியம் அதற்குள்தான் வசிக்கவேண்டும். சுவரில் மாட்டினால் பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் மலையில் வெளிச்சுவர் எப்போதும் ஈரம். தீப்பெட்டியளவே உள்ள ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் எண் 45-க்கும் 55-க்கும் இடையில் இருந்தால் கிதார் சௌக்கியம். 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் எச்சரிக்கை. என் வீட்டுக் கூடத்தில் அன்று அது 88 காட்டிற்று!

ஈர உறிஞ்சி என்பது சிலிக்கா ஜெல் என்னும் மணிகள். புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரைப் புட்டியிலும் வரும் பொட்டலங்கள் இதற்குப் போதா. கால் கிலோ அளவு தனியாக வாங்கித் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் மணிகள் கிடைக்கின்றன. மாறியவற்றை ஏறக்குறைய 120 டிகிரி உஷ்ணத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வறட்டினால் மீண்டும் பழைய நிலைக்கு வரும். நீல நிறத்து மணிகளில் உள்ள கோபால்ட் உப்பு உடம்புக்குக் கெடுதல். ஆரஞ்சு நிறத்து மணிகளைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் சமையல் வாணலியில் வறுக்க வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டவும் விடவேண்டாம். மலையடிவாரத்திலும் சமவெளியிலும் இருப்பவர்களுக்கு வைத்தியம் நேர்மாறு. பங்குனி, சித்திரையில் எண் 40-க்குக் கீழே போனால் பலகை வெடிக்கும். மெட்டுகளின் நுனி தண்டியைவிட்டு வெளியே துருத்திக் கையைக் கீறும். அப்போது நன்றாய்ப் பிழிந்த ஈரக் கடற்பஞ்சைத் துளையிட்ட சிமிழில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால், மரத்துக்கு அது தேசம் விட்டுத் தேசம் போவது போல. இறங்கினதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது அப்படியே வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, துடைக்கும் துணி. வியர்வையிலுள்ள உப்பும் புளிப்பும் கம்பியைத் தின்கின்றன. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாக ஒரு முறை துடைத்தால் அரை நிமிஷம் ஆகும். கம்பியின் ஆயுள் இரட்டிக்கும். வாசிப்பதற்கு முன் கை கழுவுவது அதைவிட மேல். இதற்கென்று விலையுயர்ந்த துணி விற்கிறார்கள். பழக்கத்தில் மென்மையாகிப்போன பருத்தித் துணி எதுவும் போதும்.

மூன்றாவது, மாற்றுக் கம்பிகள். கச்சேரிக்குக் கிளம்பும் நாதஸ்வர வித்வானைப் பாருங்கள். வாத்தியத்தோடு ஒரு கொத்துச் சீவாளி தொங்கிக்கொண்டு வரும். ஒன்று போனால் ஒன்று. கிதார்க்காரனின் சீவாளி கம்பிதான். மெல்லிய முதற் கம்பி அடிக்கடி அறும். அதில் இரண்டு தனியாகவும், முழுக்கட்டு ஒன்றும் எப்போதும் பையில் இருக்கவேண்டும். தினம் வாசிக்கிறவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை முழுவதையும் மாற்றுவது நியாயம். மேலே பூச்சுப் பூசிய கம்பிகள் விலை அதிகமானாலும் நம் மலை ஈரத்தில் அதிக நாள் உழைக்கின்றன.

இங்கே என்னுடைய முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கல்லூரி நாளில் எனக்கு ஒரு பழைய நைலான் கம்பிக் கிதார் கிடைத்தது. எஃகுக் கம்பியின் நாதம் கணீரென்று இருக்கிறதே என்று, அதில் எஃகுக் கம்பிகளைப் பூட்டினேன். நைலான் கம்பிகள் இழுக்கும் பாரம் ஏறக்குறைய 40 கிலோ; எஃகுக் கம்பிகளோ 70 கிலோ. நான்காம் நாள் நள்ளிரவில் விடுதி அறையில் வெடிச் சத்தம் கேட்டு எழுந்தோம். குதிரை பலகையைப் பிய்த்துக்கொண்டு எழும்பி, அறையின் மறுகோடியில் கிடந்தது! ஆகவே கம்பி வாங்கும் முன், உங்கள் கிதார் எந்த ஜாதிக் கம்பிக்கு உரியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நைலான் என்பதே ஆதியில் இல்லை. ஆட்டுக்குடல் நரம்புதான் இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நரம்புக்குப் பஞ்சம் வந்தபோது, 1940-களில் நியூயார்க்கிலிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் வாத்தியக் கைவினைஞர் நைலானில் கம்பி செய்தார். ஸ்பெயின் தேசத்து மேதை ஸெகோவியா அதை ஏற்று வாசித்ததும் உலகம் முழுவதும் பரவிற்று.

நான்காவது, சுருதி பார்க்கும் கருவி. கிதாரின் தலையில் கவ்விக்கொள்ளும் சிறு கருவி நானூறு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாமே என்பீர்கள், பார்க்கலாம். ஆனால் கைப்பேசி காற்றின் வழியே கேட்கிறது. பக்கத்தில் மிக்ஸி ஓடினால் திண்டாடும். கவ்வும் கருவியோ மரத்தின் அதிர்வையே உணர்வதால் சந்தையின் நடுவிலும் பிசகாது. ஒரு வார்த்தை மட்டும்: கருவி பார்த்துச் சேர்த்த பிறகு, ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு காதாலும் கேட்கும்படி குழந்தைக்குச் சொல்லுங்கள். ஐந்தாவது கம்பியைக் கருவியால் சேர்த்துவிட்டு, மற்றவற்றை அதைக்கொண்டு காதாலேயே சேர்க்கப் பழகினால் சுருதி ஞானம் வளரும். சுருதி சேராத வாத்தியத்தில் ஆறு மாதம் சாதகம் செய்த காதைத் திருத்த ஆறு வருஷம் ஆகும்.

ஐந்தாவது, பிருடை சுற்றும் கைப்பிடி. கம்பி நுனியை நறுக்கும் வாயும் அதிலேயே சேர்ந்து வருவது நல்லது. அற்பப் பொருள்தான், ஆனால் இது இல்லாத வீட்டில் கம்பி மாற்றும் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். கம்பி மாற்றும்போது ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். தண்டிக்குள் மறைந்திருக்கும் எஃகுக் கோலைத் திருப்பும் கோணச்சாவி ஒன்று சில கிதார்களோடு வரும். அந்தச் சாவியைக் கண்டால் கை துறுதுறுக்கும்! கால் சுற்றுக்கு மேல் திருப்பினால் தண்டி கெட்டுவிடலாம். அதை விஷயம் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இந்த ஐந்தும் வந்த பிறகு, சௌகரியத்துக்கானவற்றைப் பார்க்கலாம். பாடுகிறவர்கள் வீட்டில் கேப்போவுக்கு மதிப்புண்டு. ஒரு கட்டைச் சுருதியில் பழகிய பாட்டை இரண்டு கட்டைக்கு உயர்த்த, இரண்டாவது மெட்டில் அதைக் கவ்வ வைத்தால் போதும். விரல்கள் பழைய இடத்திலேயே பழைய வேலையைச் செய்யும். ஆனால் வாசித்து முடித்ததும் கழற்றிவிடவேண்டும். மீட்டு வில்லையில் பன்னிரண்டு நிறம் அவசியமில்லை. மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று மூன்று போதும். ஆரம்பிக்கிறவர்களுக்கு முக்கால் மில்லிமீட்டர் கனம் இதமாக இருக்கும். முற்காலத்தில் வில்லைகளை அழுங்காமையின் ஓட்டில் செய்தார்கள். அந்த ஆமைகள் அருகிப்போகவே 1970-களில் அதன் சர்வதேச வியாபாரம் தடுக்கப்பட்டது. இப்போது பிளாஸ்டிக்கே அந்த வேலையைச் செய்கிறது. நின்றுகொண்டு வாசிப்பவர்களுக்குத் தோள்வார் வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும் சிறுவர்களுக்கு இடது காலின்கீழ் வைக்க ஒரு சிறு முக்காலி நல்லது; வீட்டிலுள்ள மணைப்பலகையே போதும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விரலுக்கு ரப்பர் தொப்பி வேண்டாம்; இடைவெளி சரியாயிருந்தால் சில வாரங்களில் விரல் தானே உறுதிப்படும். மெட்டுகளின் நடுவே ஒட்டும் எழுத்துக்கள் கண்ணுக்குப் பழக்கம் தருமே ஒழிய விரலுக்குத் தராது. மெருகு எண்ணெய் அவசியமேயில்லை. விரல் வைக்கும் பலகை ஈட்டி அல்லது கருங்காலியானால், வறண்ட ஊர்களில் வருஷத்துக்கு ஒரு முறை அதற்கென்றே விற்கும் எண்ணெயில் சில துளி தடவித் துடைக்கலாம். ஏற்காட்டுக்கு அதுவும் தேவைப்படுவது அரிது. சமையலறைத் தேங்காயெண்ணெயை மட்டும் தடவாதீர்கள். அது சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். சரஸ்வதி பூஜையன்று வாத்தியங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது நம் வழக்கம். பக்தியில் குறையில்லை, ஆனால் ஈரச் சந்தனத்தை உறைக்கு இடுங்கள், பலகைக்கு வேண்டாம்.

"அன்னிய வாத்தியத்துக்கு இத்தனை சிசுருஷையா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். பிடிலும் அன்னிய வாத்தியமாகத்தான் வந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று அது இல்லாமல் கச்சேரி ஏது? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் விரல் பட்டதும் மாண்டலின் நம்முடையதாயிற்று. பிரசன்னா கிதாரிலேயே கீர்த்தனங்களை வாசித்து வருகிறார். இளையராஜா மேல்நாட்டுக் கிதாரை முறையாகப் பயின்று, லண்டன் டிரினிடி கல்லூரியின் தேர்வில் தேறியவர். இன்னொன்றும் உண்டு. உலகத்தில் பெயர்பெற்ற கிதார்கள் பலவற்றின் முதுகும் பக்கங்களும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரத்தால் ஆனவை. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் பிரேஸில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறிற்று. மரம் அருகிவிடக் கூடாதென்று 2017-ல் ஈட்டி வகைகளின் சர்வதேச வியாபாரத்துக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. முடிவு பெற்ற வாத்தியங்களுக்கு மட்டும் 2019-ல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அப்படிப்பட்ட மரத்தைப் பேணி வைப்பதில் அன்னியம் என்ன இருக்கிறது?

குழந்தைக்குப் புதிதாய் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முழுப்பலகையால் செய்த கிதார் இனிமையானது. ஆனால் ஈரத்துக்கும் வறட்சிக்கும் சீக்கிரம் வசப்படும். அடுக்குப் பலகையால் செய்தது நாதத்தில் ஒரு படி குறைவு, ஆனால் திடகாத்திரம். மலையில் இருப்பவர்கள் முதல் வாத்தியத்துக்கு அடுக்குப் பலகையை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் நான் சொன்ன ஐந்தையும் வாங்குவது புத்திசாலித்தனம். கடையிலிருந்து வெளியேறும் முன் அளவுகோலால் பன்னிரண்டாவது மெட்டை அளக்கத் தயங்காதீர்கள். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை முறித்துப் பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன கூச்சம்?

பையனின் விஷயத்துக்கு வருகிறேன். கிதாரை விற்பதைப் பூஜை விடுமுறைவரை ஒத்திவைப்பது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. துருப்பிடித்த கம்பிகளைத் தளர்த்தினோம். என் வீட்டுக் கெட்டிப் பெட்டியில் கால் கிலோ மணிகளோடும் ஈரமானியோடும் கிதாரை வைத்து மூடினோம். தினம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன் வந்து எண்ணைக் குறித்துக்கொள்வான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 85, 79, 74 என்று இறங்கிற்று. அவசரப்படவில்லை. விரைவாக உலர்த்தினால் உப்பினதைவிடப் பெரிய தீமை வரும். மூன்று வாரம் கழித்து எண் 56-ல் நின்றது. இடைவெளி ஐந்திலிருந்து நாலு மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தது. அடுப்பின் உஷ்ணம் செய்த தீங்கு முழுதும் நீங்கவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, சேலத்தில் வாத்தியம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம்.

அவர் குதிரையின் மேலிருந்த பட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தை அரத்தால் தேய்த்தார். பன்னிரண்டாவது மெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கவேண்டுமானால் குதிரையில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும் என்ற கணக்கை அவர் சொன்னபோது, பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதி என்பதால், வகுப்பில் நான் நடத்திய வடிவொத்த முக்கோணந்தான் அது! கோணச்சாவியால் கால் சுற்று, புதுக் கம்பிகள், இடைவெளி இரண்டரை மில்லிமீட்டருக்கு வந்தது. பழுது பார்க்கும் கூலியும் கம்பியும் சேர்த்து, பரிவாரத்துக்குக் கொடுத்த விலையில் பாதிகூட ஆகவில்லை.

அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து பையன் விரலை வைத்தான். தீபாவளிக்குப் பின் கற்றுக்கொண்ட முதல் பாடம். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக எழும்பிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது இருபது வளைவுகளிலும் கிதாரை மடியிலிருந்து இறக்கவுமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்திய இரவு அக்கா வந்தாள். மறுநாள் மாலை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். விற்க நினைத்த கதையைத் தம்பி அவளிடம் சொல்லியிருந்தான் போலும். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. "நான் பெரிய கடையா பார்த்து எல்லாமே வாங்கினேனே டீச்சர், என்ன வாங்காம விட்டுட்டேன்?" என்று கேட்டாள். ஐந்து பொருள்களையும் விரல் விட்டுச் சொன்னேன். துடைக்கும் துணி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பனியன் வேஸ்ட்டா? எங்க கம்பெனியில மூட்டை மூட்டையா கிடக்குதுங்களே!"

சென்ற தை மாதம் பொங்கலுக்கு வந்தபோது ஒரு பை நிறைய வெள்ளைப் பருத்தித் துண்டுகள் கொண்டுவந்தாள். தம்பிக்கு வேண்டியதுபோக என் கிதாருக்கும் ஒரு கட்டுக் கொடுத்தாள். இதை எழுதும்போது அவற்றில் ஒன்று என் மேஜைமேல் இருக்கிறது. நல்ல துணி, நூல் பிரிவதில்லை.